மாதத்தின் சிறந்த அழைப்பு

பெயர்: ஜான்சி. வயது: முப்பத்து நான்கு. கணவர் பெயர்: சேவியர். தொழில்: தனியார் ஆம்புலன்ஸ் சேவையின் அழைப்பு மையத்தில் அழைப்புகளை ஏற்கும் பணி, தற்சமயம் பணி இடைநீக்கம். சொந்த ஊர்: கன்னியாகுமரி மாவட்டம், தக்கலை. தற்போதைய முகவரி: வட்காவ் ஷேரி, புனே.

மேற்படி முகவரியில் நான் கணவருடனும் மகளுடனும் குடியிருந்து வருகிறேன். இந்த வாக்குமூலம் எனக்கு எதிராகவே பயன்படக்கூடும் என்றும், இதைக் கொடுக்கும்படி என்னை யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்றும் நீதித்துறை நடுவர் அவர்கள் எடுத்துச் சொன்னார். புரிந்தது என்றேன். எனக்கு மராத்தியும் இந்தியும் சரளமாக வரும், அதுதான் என் பிழைப்பு. இருந்தும் தமிழில் சொல்ல அனுமதி கேட்டேன். காரணம் என்ன என்று நடுவர் கேட்டதற்கு, காரணம் வாக்குமூலத்திலேயே வரும் என்றேன். அதன் பேரில் மொழிபெயர்ப்பாளர் திருமதி ப்ரீத்தி வரவழைக்கப்பட்டு, நான் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதிக்கொள்கிறார்.

நான் வேலை பார்த்த மையம் ஹிஞ்சேவாடியில் இருக்கிறது. குடியிருப்புச் சங்கங்களும் கம்பெனிகளும் சந்தா கட்டி எங்கள் சேவையில் சேர்கின்றன. அங்கே யாருக்காவது நெஞ்சு வலித்தாலோ, யாராவது மாடிப்படியில் உருண்டாலோ எங்களைக் கூப்பிடுவார்கள். நாங்கள் பெயர், வயது, முகவரி, எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா என்று வரிசையாகக் கேட்டுத் திரையில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்துவோம். அழுத்தியதும் அருகில் நிற்கும் வண்டிக்குச் செய்தி போகும். வண்டி போய்ச் சேரும் வரை அழைத்தவருடன் பேசிக்கொண்டிருக்க வேண்டும். மராத்தி, இந்தி, ஆங்கிலம் தவிர வேறு மொழியில் பேசக் கூடாது. அழைப்புகளின் பதிவைக் கேட்டு மதிப்பெண் போடும் தரப் பிரிவினருக்கு மற்ற மொழிகள் தெரியாது என்பதே இதற்குக் காரணம்.

வேலையில் சேர்ந்தபோது எனக்குப் பயிற்சி கொடுத்தவர் திரு சூர்யநாராயணன். மாயவரத்துக்காரர், ராணுவக் கணக்கு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், புனேயில் பாதி ஆயுளுக்கு மேல் கழித்தவர். இங்குள்ள தமிழர்கள் போடும் நாடகங்களில் வேடம் கட்டிப் பழகியவர் என்பதால் பயிற்சி அழைப்புகளுக்கு அவரை நியமித்திருந்தார்கள். மாக் என்று நாங்கள் சொல்லும் பயிற்சி அழைப்பு என்பது, அவர் வேறோர் அறையில் இருந்தபடி தொலைபேசியில் ஆபத்தில் இருப்பவராக நடிப்பதும், நாங்கள் அதை நிஜ அழைப்பாகப் பாவித்துப் பேசுவதும் ஆகும். பீகாரில் இருந்து வந்த கட்டடத் தொழிலாளியாகவும், மராத்தி பேசும் மூதாட்டியாகவும், ஆங்கிலத்தில் மட்டுமே பதறத் தெரிந்த சாஃப்ட்வேர் இன்ஜினீயராகவும் அவர் பேசுவார். மழை, நாய் குரைப்பு, ரயில், கூட்டத்தின் இரைச்சல் ஆகிய சத்தங்களை மொபைலில் சேர்த்து வைத்திருந்து பின்னணியில் ஓட விடுவார். எங்களில் இரண்டு பேர் பயிற்சியின்போதே அழுதிருக்கிறார்கள். முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு சொந்தக் குரலில் "கட்" என்பார். அந்தச் சொல் வரும் வரை ஹெட்செட்டைக் கழற்றக் கூடாது.

அனுதாபம் தனிப் பாடமாக நடத்தப்பட்டது. "உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது" என்ற வாக்கியத்தை ஓர் அழைப்பில் இரண்டு முறை சொல்ல வேண்டும். ஒரு முறையோடு நிறுத்தினால் அனுதாபக் குறைவு, மூன்றாம் முறை சொன்னால் நேர விரயம். அழைத்தவர் அழும்போது குறுக்கே பேசக் கூடாது, ஆனால் எதிர்முனையில் மௌனமும் விழக் கூடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படிச் செய்வது என்று நான் கேட்டதற்கு, அது அனுபவத்தில் வரும் என்று பதில் சொல்லப்பட்டது.

அதன் பிறகு தரப் பிரிவின் மேலாளராக திரு ஷ்ரேயஸ் பொறுப்பேற்றார். பயிற்சி அறையில் நடப்பது பயிற்சி என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதால் உண்மையான திறமை வெளிப்படுவதில்லை என்று அவர் கருதினார். ஆகவே இனிப் பயிற்சி அழைப்புகள் முன்னறிவிப்பு இல்லாமல், பொதுமக்கள் கூப்பிடும் அதே எண்ணிலேயே வரும் என்று எங்கள் எல்லோரையும் கூட்டி அறிவித்தார். நான் அந்தக் கூட்டத்தில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சூர்யநாராயணன் எழுந்து நின்று, "சாஹேப், லைன் ஒண்ணுதானே இருக்கு, நான் விளையாடற நேரத்துல நிஜமா ஒருத்தன் கூப்பிட்டா?" என்று இந்தியில் கேட்டார். அதற்கு ஷ்ரேயஸ், "அதற்குத்தான் பொத்தான் வைத்திருக்கிறோம்" என்றார்.

அந்தப் பொத்தான் மஞ்சள் நிறத்தில் சிவப்புக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது. பயிற்சி அழைப்பு என்று கண்டுகொண்டால் மஞ்சளை அழுத்த வேண்டும். அழுத்தினால் திரையில் எல்லாம் வழக்கம் போலவே நடக்கும். வரைபடத்தில் ஒரு வண்டி கிளம்பும், தெருத் தெருவாக நகரும், கொடுத்த முகவரியின் வாசலில் போய் நிற்கும். உண்மையில் எந்த வண்டியும் கிளம்பாது. பயிற்சி பெறுபவரின் ஈடுபாடு குறையக் கூடாது என்பதற்காக அந்த வண்டியை அசலைப் போலவே வரைந்திருந்தார்கள். தலையில் நீல விளக்கு கூடச் சுழலும்.

அதன் பிறகு ஒரு நாள், கடக்வாஸ்லா அணைக்கட்டுப் பக்கம் சுவர் இடிந்து அண்ணன் மாட்டிக்கொண்டான் என்று பீகார் இந்தியில் ஒருவர் கதறினார். நான் சிவப்பை அழுத்தினேன். வண்டி போய்த் தேடிவிட்டு, அணைக்கரையில் சுட்ட சோளம் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பி வந்தது. கதறியவர் சூர்யநாராயணன். வண்டியை வீணாக அனுப்பியதற்காகவும், பயிற்றுநரின் குரலை அடையாளம் காணத் தவறியதற்காகவும் என்னை மறுபயிற்சிக்கு அனுப்பினார்கள். மறுபயிற்சியில் இருப்பவர்கள் அடையாள அட்டையை மஞ்சள் நாடாவில் மாட்டிக்கொள்ள வேண்டும். கேன்டீனில் அவல் போஹா பரிமாறுபவர் கூட நாடாவைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்.

மறுபயிற்சியில் எனக்கு ஒரு விதி கற்றுத் தரப்பட்டது. பயிற்சி அழைப்பு என்று ஒன்று இருப்பதே பொதுமக்களுக்குத் தெரியாது, ஆகவே "இது பயிற்சி இல்லை" என்று யாராவது சொன்னால் அவர் நம்முடைய ஆளாகத்தான் இருக்க முடியும், உடனே மஞ்சளை அழுத்தலாம் என்பது அந்த விதி. இதை வகுத்தவர் ஷ்ரேயஸ். தெரிந்தவர் போல உரிமையோடு பேசுவதும் பொறி என்று சொல்லித் தந்தார்கள். அதன் பிறகு சூர்யநாராயணன் எல்லாப் பயிற்சி அழைப்புகளிலும் ஒரு முறையாவது "இது பயிற்சி இல்லை" என்று கெஞ்சுவதை வழக்கமாக்கினார். நான் ஒரு முறையும் தவறவில்லை. நாடா நீல நிறத்துக்குத் திரும்பியது.

சூர்யநாராயணனும் நானும் கேன்டீனில் மட்டும் தமிழில் பேசுவோம். எங்கள் தளத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். அழைப்புகளில் அவர் எந்த வேடத்திலும் தமிழ் பேசியதில்லை. அவருடைய மனைவி திருமதி ருக்மிணியை நான் இரண்டு முறை சந்தித்திருக்கிறேன். விமான் நகரில் அவர்கள் வீட்டுக்கு நானும் என் கணவரும் போயிருந்தபோது, வீட்டில் இருந்து செய்த ஒரு பயிற்சி அழைப்பில் மூச்சு இழுப்பது போலப் பின்னணியில் சத்தம் கொடுத்தது தான்தான் என்று அவர் சொன்னார். "இவருக்கு ஆத்துலயும் ஆபீஸ்தான். நான் நிஜமா விழுந்தா கூட, ருக்கு, வாய்ஸ் பிரமாதம், இன்னொரு டேக் போலாம்னுதான் சொல்வார், பாரேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். சூர்யநாராயணன்தான் அதிகம் சிரித்தார்.

அதன் பிறகு, கணபதி கரைப்புக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் நான் பணியில் இருந்தேன். ஊர்வல நெரிசலுக்காக வண்டிகளை முன்கூட்டியே பல இடங்களில் நிறுத்தி வைத்திருந்தார்கள். முகமது ரஃபீக் ஓட்டும் வண்டி விமான் நகரில் நின்றது. அப்போது ஓர் அழைப்பு வந்தது. மராத்தியில் வணக்கம் சொல்லி, என்ன உதவி வேண்டும் என்று கேட்டேன். எதிர்முனையில் தமிழில், "ஜான்சியா? அப்பாடா. நான்தாம்மா. ருக்கு கிச்சன்ல விழுந்துட்டா. கூப்ட்டா பதில் இல்ல. மூச்சு இழுத்து இழுத்து வரது. வண்டி அனுப்பு" என்று சொல்லப்பட்டது. சூர்யநாராயணன் குரல் என்று உடனே தெரிந்தது. பின்னால் குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. புதிய சத்தம் ஒன்று சேர்த்திருக்கிறார் என்று நினைத்தேன். மூச்சு இழுக்கும் சத்தமும் கேட்டது. அது எனக்குப் பழைய சத்தம்.

அந்த இடத்தில் நான் சற்று நேரம் எதுவும் பேசவில்லை. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதன் பிறகு மஞ்சள் பொத்தானை அழுத்தினேன்.

அதன் பிறகு நான் மராத்தியில், எங்கள் சேவை மராத்தி, இந்தி, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் மட்டும் கிடைக்கும், தயவுசெய்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று சொன்னேன். அவர் தமிழிலேயே, "ஜான்சி, இது மாக் இல்லம்மா. சத்தியமா இல்ல" என்றார். உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது என்று முதல் முறை சொன்னேன். அதன் பிறகு அவர் மராத்திக்கு மாறி, நோயாளியின் பெயர், வயது, முகவரி, மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு, வாசலில் வேப்பமரம் என்று நான் கேட்பதற்கு முன்பே படிவத்தில் உள்ள வரிசையிலேயே சொன்னார். இவ்வளவு ஒழுங்காகத் தகவல் கொடுத்த அழைப்பாளரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதன் பிறகு நான் மார்பை எப்படி அழுத்துவது என்று சொல்லிக் கொடுத்தேன். அதுவும் அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். நான் எண்ண, அவரும் கூடவே எண்ணினார். அவருக்கு மூச்சு வாங்கியது. நன்றாகச் செய்கிறார் என்று நினைத்தேன். வண்டி எங்கே என்று கேட்டார். திரையைப் பார்த்து, பிரதான சாலையில் திரும்பிவிட்டது என்றேன். மறுபடி கேட்டார். உங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது என்றேன். இரண்டாம் முறையாக, உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது என்றேன். அதன் பிறகு வண்டி வேப்பமரத்தின் பக்கத்தில் நின்று நீல விளக்கு சுழன்றது. வண்டி வாசலுக்கு வந்துவிட்டது, யாராவது கீழே போய் அழைத்து வாருங்கள் என்றேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. மார்பை அழுத்துவதை விட்டுவிட்டு அவரே கீழே போனார்.

இணைப்பு திறந்தே இருந்தது. குக்கர் சத்தம் நின்றிருந்தது, இழுக்கும் மூச்சும் கேட்கவில்லை. நான் "கட்" என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். அதன் பிறகு கதவுச் சத்தமும் செருப்புச் சத்தமும் கேட்டன. அவர் போனை எடுத்து, "வாசல்ல யாருமே இல்லையேம்மா" என்றார்.

இதற்கு எங்கள் பாடத்தில் வாக்கியம் இல்லை. நான் சிவப்பை அழுத்தினேன். மஞ்சள் அழுத்தப்பட்ட அழைப்பில் சிவப்பு வேலை செய்யாது, மேலாளரின் அனுமதி வேண்டும் என்று திரையில் வந்தது. மேலாளருக்கு அன்று விடுமுறை. அதன் பிறகு நான் இருக்கையை விட்டு எழுந்து லாக்கருக்கு ஓடி, மொபைலை எடுத்து ரஃபீக்கைக் கூப்பிட்டேன். ரஃபீக் ஆம்பூர்க்காரர். "அக்கா, நான் ரெண்டு தெரு தள்ளித்தான டீ குடிச்சினு இருக்கேன், கால் ஒண்ணும் வரலியே" என்றார். டீயை வைத்துவிட்டுப் போனார். உடனே போய்ச் சேர்ந்தார் என்று பிறகு தெரிந்தது. அருகில் இருந்த மருத்துவமனையில், கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று சொன்னார்களாம். திருமதி ருக்மிணி அன்று மாலைக்கு முன் இறந்துபோனார்.

மறுநாள் எனக்கு அலுவலகத்தில் இருந்து இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. முதலாவது, அழைப்பின் நடுவே இருக்கையை விட்டு எழுந்ததற்கும் தளத்தில் மொபைல் பயன்படுத்தியதற்கும் விளக்கம் கேட்டு வந்த மெமோ. இரண்டாவது, பாராட்டு. பயிற்சி அழைப்புகளுக்குக் கணினியே மதிப்பெண் போட்டுவிடும், வரைபடத்தில் வண்டி வாசலில் நின்றதும் மதிப்பீடு முடிந்துவிடும். அதன்படி எனக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு கிடைத்து, அந்த அழைப்பு மாதத்தின் சிறந்த அழைப்பாகத் தேர்வாகியிருந்தது. கேன்டீன் தொலைக்காட்சியில் என் புகைப்படம் ஓடியது. எப்படி நிறுத்துவது என்று யாருக்கும் தெரியாததால் அது அந்த வாரம் முழுவதும் ஓடியது.

அதன் பிறகு போலீஸார் அலுவலகத்துக்கு வந்தார்கள். அன்று மாலை ஷ்ரேயஸ் என்னைத் தன் அறைக்கு அழைத்து, தேநீர் வரவழைத்து, மராத்தியில் தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார். பொது எண்ணில் பயிற்சி அழைப்பு செய்வது சூர்யநாராயணனின் சொந்தப் பழக்கம், நிறுவனம் அப்படி எதையும் உத்தரவிடவில்லை என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் நான் சாட்சி, போடாவிட்டால் குற்றம் சாட்டப்பட்டவர் என்று விளக்கினார். "ஜான்சி தாயீ, உங்களுக்குப் பெண் குழந்தை இருக்கிறது. அவருக்கு என்ன? வேலையை விட்டுவிட்டார், மனைவியும் இல்லை. இனி அவரிடம் இருந்து எடுக்க என்ன மிச்சம் இருக்கிறது?" என்று கேட்டார். தாயீ என்றால் மராத்தியில் அக்கா. அதற்கு முன் அவர் என்னை இருக்கை எண் சொல்லித்தான் கூப்பிடுவார். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன். தாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அதில் நான் கையெழுத்துப் போடவில்லை.

அதன் பிறகு நான் சூர்யநாராயணன் வீட்டுக்குப் போனேன். என் கணவர் கீழே ஸ்கூட்டரில் காத்திருந்தார். சூர்யநாராயணன் கதவைத் திறந்து, "வா, உட்காரு" என்றார். சமையலறை விளக்கு எரியவில்லை. நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "நீ தப்பா ஒண்ணும் பண்ணலயே. நான் சொல்லிக்குடுத்ததைத்தான் பண்ணினே. குரல் நடுங்கவே இல்ல" என்றார். கிண்டலாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. ஷ்ரேயஸ் கொடுத்த தாளைக் காட்டினேன். கண்ணாடி போட்டு முழுவதும் வாசித்தார். "மராத்தி நன்னா எழுதியிருக்கான். போட்டுக் குடுத்துடு, ஜான்சி. ஜெயிலுக்கெல்லாம் போகாதே" என்று திருப்பிக் கொடுத்தார்.

அதன் பிறகு அவர் ஒன்று மட்டும் கேட்டார். "அந்த வண்டி, படத்துல, எங்க நின்னுது?"

"வாசல்ல, சார்."

"மரத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"இந்தப் பக்கம்."

அவர் எழுந்து ஜன்னலைத் திறந்து, கீழே மரத்துக்கு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே என் கணவரின் ஸ்கூட்டர் நின்றது. நான் புறப்படுகிறேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

மஞ்சள் பொத்தானை அழுத்தும் முன் நான் பேசாமல் இருந்தது ஏன் என்று நடுவர் அவர்கள் கேட்டார். குரல் தெளிவாகக் கேட்கவில்லை, லைனில் இரைச்சல் இருந்தது என்று சொல்லும்படி நிறுவனத்தின் வக்கீல் எனக்குச் சொல்லியிருந்தார். இரைச்சல் இல்லை. குரல் தெளிவாகக் கேட்டது. அவர் எந்த வேடத்திலும் தமிழ் பேசுகிறவர் இல்லை என்பது எனக்குத் தெரியும், அன்று தமிழில் பேசினார் என்பதும் தெரிந்தது. என் கை சிவப்பின் மேல்தான் இருந்தது. அப்போது கடக்வாஸ்லாவுக்குப் போய் வந்த வண்டி நினைவுக்கு வந்தது. என் கழுத்தில் இருந்தது நீல நாடா, ஆனால் மஞ்சள் நாடாதான் மாட்டியிருக்கிறது போல இருந்தது. கையைப் பக்கத்துப் பொத்தானுக்கு நகர்த்தினேன். நூற்றில் குறைந்த இரண்டு மதிப்பெண்ணும் அந்த மௌனத்துக்காகக் குறைக்கப்பட்டவை.

பொது எண்ணில் பயிற்சி அழைப்பு வரும் என்று அறிவித்தவர் ஷ்ரேயஸ். அதை எங்கள் முன்னிலையில் எதிர்த்துக் கேட்டவர் சூர்யநாராயணன் ஒருவரே. நான் கேட்கவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை. சூர்யநாராயணன் தமிழில் பேசியபோது நான் மராத்தியில் பதில் சொன்னேன். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது இங்கே தமிழில் சொல்லியிருக்கிறேன்.

எழுதியதைத் திருமதி ப்ரீத்தி எனக்கு நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில் அவர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி வாசித்தார். நான் எதையும் மாற்றவோ நீக்கவோ சொல்லவில்லை. இதில் உள்ளவை அனைத்தும் நான் கண்டும் கேட்டும் செய்தும் அறிந்த உண்மைகள், யாருடைய தூண்டுதலும் இல்லாமல் சொன்னவை. இது பயிற்சி இல்லை என்பதை நன்றாக அறிந்தே கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்) ஜான்சி